வாரம் இரண்டு பீரியட்: உயர்நிலைப் பள்ளி உடற்கல்வியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பிள்ளை படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்கு உடற்கல்வியையும் உடல்நலப் பாடத்தையும் சேர்த்து ஒரு திட்டம் வகுக்கும் பொறுப்பு குழுவிடம் வந்திருக்கிறது. கையில் இருப்பது வாரத்துக்கு 45 நிமிடப் பீரியட் இரண்டு. சில நிறுவனங்கள் ஆயத்தத் திட்டங்களோடு வந்து பேசுகின்றன. "எதைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகளின் எடை குறையும், படிப்பும் கெடாமல் இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இந்த ஒன்றரை மணி நேரத்திடம் எதை எதிர்பார்ப்பது நியாயம், எதை எதிர்பார்ப்பது வீண் என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேல் விசிலும் கையுமாக மைதானத்தில் நின்றுவிட்டு, இப்போது புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மருத்துவர் அல்ல. நோய் தொடர்பான இடம் வரும்போது ஒதுங்கிக்கொள்வேன்.

எடையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் காத்திருக்கிறது. 5 முதல் 17 வயது வரையிலானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. வாரத்துக்கு 420 நிமிடம். உங்களிடம் இருப்பது 90. அதில் ஒரு நொடிகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பள்ளிகளில் நடத்தப்பட்ட உடலியக்கத் திட்டங்களை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் தொகுத்துப் பார்த்தபோது வந்த முடிவும் இதோடு ஒத்துப்போகிறது: பிள்ளைகள் பள்ளி நேரத்தில் கூடுதலாக இயங்கினார்கள், மூச்சுத் திறன் ஏறியது, ஆனால் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, பெரிதாக அசையவில்லை. ஆகவே "எடை குறையும்" என்று எந்த நிறுவனமாவது உறுதி கூறினால், அந்த இடத்திலேயே அவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். எடை பார்த்து வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் யோசனையும் உங்கள் குழுவில் எழுந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் இதையே ஒப்பிட்டுச் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. கடிதம் போன வீடுகளிலும் பிள்ளைகளின் எடை மாறவில்லை. தங்கள் உடலைப் பற்றிய மனக்குறைதான் கூடியதற்கான அறிகுறிகள் தெரிந்தன. பதின்ம வயதில் அந்த மனக்குறை எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படிப்பு கெடுமா என்ற அச்சத்துக்கு இதைவிடத் தைரியமாகப் பதில் சொல்லலாம். 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தின் த்ருவா ரிவியேர் நகரில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வியைக் கூட்டி, மற்றப் பாடங்களின் நேரத்தைக் குறைத்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். படிப்பு கீழே போகவில்லை. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. உடற்கல்வியால் மதிப்பெண் குறையாது என்பது ஏறக்குறைய உறுதி. மதிப்பெண் கூடும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது. சில ஆய்வுகளில் கவனமும் கணக்குப் பாடமும் சற்று மேம்பட்டிருக்கின்றன, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. பொதுத்தேர்வு ஆண்டில் விளையாட்டுப் பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுப்பவர்களிடம் முதல் பாதியைச் சொல்லுங்கள். இரண்டாம் பாதியை விற்பனைப் பேச்சாக ஆக்காதீர்கள், பிறகு மதிப்பெண் ஏறவில்லை என்று பீரியடையே பிடுங்கிக்கொள்வார்கள்.

சரி, எடையும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம் என்றால் எதைத்தான் கேட்பது? என் அனுபவத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மைதான ஓரத்தில் நிற்கிற பிள்ளை எத்தனை நிமிடம் இயங்கியது? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மூத்த ஆசிரியர் என் வகுப்பைப் பார்க்க வந்தார். கால்பந்து நடத்திக்கொண்டிருந்தேன், உற்சாகமான ஆட்டம், கோல் மேல் கோல், எனக்கே பெருமையாக இருந்தது. முடிந்ததும் அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் காட்டினார். வலது ஓரத்தில் நின்ற ஒரு மாணவியை மட்டும் பார்த்து, அவள் ஓடும்போதும் வேகமாக நடக்கும்போதும் ஓடவிட்டு, நிற்கும்போது நிறுத்தியிருக்கிறார். 40 நிமிட வகுப்பில் 9 நிமிடம். பந்தை அவள் தொட்டது இரண்டு முறை. என் கண் நல்ல ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேரின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற முப்பது பேரும் எனக்குப் பார்வையாளர்களாகவே இருந்திருக்கிறார்கள். அன்று பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

இது என் ஒருவன் குறை அல்ல என்பது பின்னால் தெரிந்தது. வகுப்பு நேரத்தில் பாதியாவது மூச்சு வாங்கும் இயக்கமாக இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி வகுப்புகளை உண்மையில் அளந்த ஆய்வுகளை 2017இல் தொகுத்தபோது சராசரி 40 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. மீதி நேரம் எங்கே போகிறது என்பது மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: வருகைப் பதிவு, உடை மாற்றுதல், ஆசிரியரின் நீண்ட விளக்கம், பந்து எறிய வரிசையில் நிற்பது. இரண்டு தலைவர்கள் முன்னே நின்று ஆளாளாகப் பொறுக்கி எடுக்க, கடைசியில் யாரும் கேட்காத ஒருவன் தலைகுனிந்து நிற்கும் சடங்கு ஒன்றும் உண்டு. அதில் ஐந்து நிமிடம் போவது போகட்டும், அந்தப் பிள்ளைக்கு விளையாட்டின் மீதிருந்த ஆசையும் சேர்ந்து போய்விடுகிறது. தோற்றால் வெளியே என்னும் ஆட்டங்களைப் பாருங்கள். ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவரே முதலில் வெளியேறி உட்கார்ந்துகொள்கிறார். இதற்கெல்லாம் மாற்று, செலவில்லாதது. பதினொருவர் அணிகளை உடைத்து நான்குக்கு நான்காகச் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆடவிடுங்கள். பந்துகள் பழையதானாலும் எண்ணிக்கை கூடட்டும். அணியை ஆசிரியரே முன்கூட்டிப் பிரித்து எழுதி வைத்துவிடலாம். வருகையை அவர்கள் ஓட ஆரம்பித்த பிறகு எடுக்கலாம். விளக்கம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் பாதிப் பேர் கேட்பதில்லை என்பது என் கணக்கு. இவ்வளவு செய்தாலே இயக்க நேரம் கண்கூடாக ஏறும். எந்த நிறுவனத்தின் திட்டமும் தேவைப்படாது.

ஓரத்தில் நிற்பவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். 146 நாடுகளின் தரவை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இன் இறுதியில் வெளியிட்ட கணக்கில், 11 முதல் 17 வயதினரில் போதிய அளவு இயங்காதவர்கள் 81 விழுக்காடு. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. "அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று ஆசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் கேட்டுப் பார்த்த வரையில் காரணங்கள் வேறு. உடை இறுக்கமாக இருக்கிறது, வியர்த்த பிறகு கழுவிக்கொள்ள இடமில்லை, மாதவிடாய் நாளில் ஆண் ஆசிரியரிடம் போய் என்ன சொல்வது, தடுமாறினால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவற்றில் எதுவும் உடற்பயிற்சியின் மீதுள்ள வெறுப்பு அல்ல. தளர்வான உடைக்கு அனுமதியும், தாழ்ப்பாள் உள்ள அறையும், "இன்று இலேசான பயிற்சி" என்று காரணம் சொல்லாமலே தேர்ந்துகொள்ளும் உரிமையும் கொடுத்துப் பாருங்கள். கூடவே, ஒரே ஆட்டத்தை எல்லார் மீதும் திணிக்காமல் ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று தெரிவுகள் வையுங்கள்: நடனம், இறகுப்பந்து, வலுப் பயிற்சி, நீண்ட நடை என எதுவாகவும் இருக்கலாம். டேரில் சீடன்டாப் என்ற அமெரிக்க உடற்கல்வி அறிஞர் 1980களில் வகுத்த விளையாட்டுக் கல்வி முறை இங்கே எனக்கு நிறையக் கைகொடுத்திருக்கிறது. ஒரு பருவம் முழுக்க ஒரே சிறிய அணியில் இருப்பார்கள். ஆட்டக்காரர், நடுவர், பயிற்றுநர், கணக்கெழுதுபவர் என்று பொறுப்புகள் சுழலும். திறமை குறைந்தவனும் அணிக்கு வேண்டியவனாகிவிடுகிறான். நடுவர் வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு, ஆகவே சுழற்சியைக் கண்டிப்பாக நடத்த வேண்டும்.

வலுப் பயிற்சி பற்றிச் சற்று நீட்டியே சொல்கிறேன், அது பெரும்பாலான பள்ளிகளில் விடுபட்டுப் போகிறது. மேலே சொன்ன பரிந்துரையிலேயே, வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் இயக்கம் வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த வேகத்தின் உச்சத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், வளர்ந்த பிறகு உடலில் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. குதித்தல், தாண்டுதல், சுமை தூக்குதல் எல்லாம் எலும்புக்கு அப்போது பயன்படுவதுபோல் நாற்பது வயதில் பயன்படாது. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சரியான முறையில், கண்காணிப்போடு, படிப்படியாக ஏற்றிச் செய்தால் அப்படி எதுவும் ஆவதில்லை. தண்டால், பஸ்கி, நின்ற இடத்திலிருந்து தாண்டுதல் என்று தொடங்க உபகரணமே வேண்டாம். தண்டால் எடுக்க முடியாதவர் சுவரில் கை ஊன்றி எடுக்கட்டும். காயத் தடுப்புக்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஃபிஃபா 11+ என்று அழைக்கப்படும் 20 நிமிடத் தயார்ப் பயிற்சியை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் சோதித்தபோது, காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் அதைவிடவும் குறைந்தன. திடலைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடிவிட்டு வருவதைத் தயார்ப் பயிற்சி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே வளர்ச்சிக் கணக்குதான் உடற்தகுதிச் சோதனைகளில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. ஒரே வகுப்பில், ஒரே வயதில், முழு ஆளாக வளர்ந்துவிட்ட ஒருவனும் இன்னும் வளரத் தொடங்காத ஒருவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். 20 மீட்டர் தூரத்தை மாறி மாறி ஓடும் சோதனையில் முதலாமவன் ஜெயிப்பது பெரும்பாலும் பருவம் தந்த பரிசு. அதற்கு அவனுக்கு மதிப்பெண் கொடுப்பது பிறந்த மாதத்துக்கு மதிப்பெண் கொடுப்பதுபோல. சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒலிக்கு ஏற்ப இரண்டு கோட்டுக்கு இடையே ஓடும் அந்தச் சோதனை எளிமையானது, நம்பகமானது. ஆனால் எண்களை வகுப்பின் நடுவே வாசிக்காதீர்கள், தரவரிசை ஒட்டாதீர்கள். போன பருவத்தில் தான் எங்கே இருந்தோம், இப்போது எங்கே என்பதை மட்டும் பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

இனி உடல்நலப் பாடம். இங்கே பள்ளிகள் செய்யும் பெரிய தவறு, பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை. கறுத்த நுரையீரல் படம், மீண்டுவந்தவரின் கண்ணீர்க் கதை, சீருடை அணிந்த அதிகாரியின் உரை. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய டேர் என்னும் போதைப்பொருள் தடுப்புத் திட்டத்தில் காவலர்களே வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிகளுக்கும் பிடித்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பிள்ளைகளின் பழக்கத்தில் அது ஏற்படுத்திய மாற்றம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறகு அந்த அமைப்பே பாடத்தை மாற்றிக்கொண்டது. தகவல் தெரிவது வேறு, நண்பன் சிகரெட்டை நீட்டும் நொடியில் "வேண்டாம்" என்று முகம் கொடுத்துச் சொல்லத் தெரிவது வேறு. இரண்டாவது ஒரு திறமை. பந்து பிடிப்பதைப் போலவே அதையும் செய்து செய்துதான் பழக வேண்டும். பாலியல் கல்வி பற்றி உங்கள் குழுவில் தயக்கம் இருக்கும். அதைப் பேசினால் பிள்ளைகள் முன்கூட்டியே அந்த வழியில் இறங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. யுனெஸ்கோ 2018இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டியில் ஆய்வுகளை ஆராய்ந்து இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மனநலத்தில் இன்னும் கவனமாக இருங்கள், ஏனென்றால் இப்போது சந்தையில் அதிகம் விற்கப்படுவது அதுதான். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 10 ஐரோப்பிய நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு மொத்தம் ஐந்து மணி நேரமே நிகழ்ச்சி. அதிலும் பெரும்பகுதி மாணவர்களே நெருக்கடிகளை நடித்துப் பார்த்துப் பேசுவது. ஓராண்டு கழித்து, புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்களும் கடுமையான தற்கொலை எண்ணம் கொண்டவர்களும் ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தார்கள். அதே ஆய்வில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பிரிவில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. மறுபுறம், பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் வழியே மனக்குவிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி, வழக்கமான பாடத்தைவிட அது மேலாக இல்லை. ஆகவே "மனநலத் திட்டம்" என்ற பெயரைப் பார்த்து மயங்காமல், அதற்குள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கண்ணை மூடி உட்கார்வது மட்டும்தானா, வாய் திறந்து பேசவும் இடமுண்டா?

தயக்கமே இல்லாமல் நான் பரிந்துரைப்பது சி.பி.ஆர். பயிற்சி, அதாவது இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரவு தெரிவித்த அறிக்கையில் உள்ள அளவு. டென்மார்க்கில் 2005 முதல் பள்ளிகளில் கட்டாயம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டர் ஆழம் என்பதை பொம்மையின் மேல் கை வைத்து அழுத்திப் பழகிய பிள்ளை எளிதில் மறக்காது. மழை நாளில், மைதானம் இல்லாத நாளில் நடத்த இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. தூக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்; பருவ வயதில் உறக்கம் வருவதே தாமதமாகிறது. விடியுமுன் எழுப்பிப் பயிற்சிக்கு வரச் சொல்லும் பள்ளி, ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்துக்கொள்கிறது.

உங்கள் 90 நிமிடத்தை நான் எப்படிப் பிரிப்பேன் என்றால், ஒன்றரைப் பீரியட் மைதானத்துக்கு, அரைப் பீரியட் உடல்நலத்துக்கு. மைதான நேரத்தில் முதல் பத்து நிமிடம் வலுவும் தாண்டலும் கலந்த தயார்ப் பயிற்சி, மீதி சிறிய அணி ஆட்டம். அரைப் பீரியடை வாராவாரம் சிதறவிடாமல், மாதத்துக்கு இரண்டு முழு வகுப்பாகச் சேர்த்துக்கொள்வேன். நடித்துப் பார்ப்பதற்கு 20 நிமிடம் போதாது. உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்பதை எழுத்தில் வைத்துவிடுவேன். தாமதமாக வந்தவனை ஐந்து வட்டம் ஓடவிட்டால், ஓடுவது என்பது தப்புச் செய்தவன் செய்வது என்றுதான் வகுப்பு முழுக்கக் கற்றுக்கொள்கிறது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் குறை உள்ள பிள்ளைகளை மொத்தமாக ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள், அவர்களில் பெரும்பாலோர் இயங்கலாம். எவ்வளவு இயங்கலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர் எழுதித் தரட்டும், அது என் வேலையும் அல்ல, உங்கள் குழுவின் வேலையும் அல்ல. ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையை மட்டும், உடனே தெளிந்து எழுந்தாலும், மருத்துவர் பார்க்காமல் மறுபடி மைதானத்தில் இறக்காதீர்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறிய பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

திட்டம் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆசிரியரிடம் சொல்லி அனுமதி பெற்று, வரும் வாரம் ஒரு உடற்கல்வி வகுப்பில் மைதான ஓரமாக உட்காருங்கள். உங்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டாம், நன்றாக ஆடுபவரையும் பார்க்க வேண்டாம். எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்கிற யாராவது ஒருவரைத் தேர்ந்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சில் அந்தப் பிள்ளை இயங்கிய நேரத்தை மட்டும் அளந்து, பெயர் இல்லாமல், எண்ணை இங்கே எழுதுங்கள். 9க்குக் கீழே வந்தாலும் ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள், நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.